ஆமோஸ் த்ரிங்கின் சிலுவைக்குறி

இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை என்று வேதப்புத்தகத்தின்மேல் கைவைத்துச் சொல்கிறேன். ஹார்க்லி கோயிலில் நாற்பத்தோரு வருஷம் கோயில்பிள்ளையாக இருந்து, ஊர்ச்சனம் அத்தனை பேருக்கும் பதிலாக ஆமென் சொன்ன வாய் இது. புதுப் பாதிரியார் பழைய கல்யாணப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, 1829-ஆம் வருஷத்துப் பக்கம் ஒன்றில் கையெழுத்துக்குப் பதிலாக மாப்பிள்ளை போட்ட சிலுவைக்குறி ஏன் இப்படி நடுங்கியிருக்கிறது என்று கேட்டார். அதனால் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை ஆமோஸ் த்ரிங். ஒன்பது மைல் தள்ளி டன்மூரில் சுண்ணாம்புப் பாறை வெட்டப் போயிருந்தான். பெண் கெசியா, சலவைக்காரி, நிறைமாதம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை கூறியாயிற்று. கூறிய ஓலைக்கு ஆயுள் மூன்று மாதம். அது அந்த வெள்ளிக்கிழமையோடு தீருகிறது. கல்யாணத்தைப் பகல் பன்னிரண்டுக்குள் முடிக்கவேண்டும் என்பது நாட்டுச் சட்டம். தவறினால் மறுபடி மூன்று ஞாயிறு. குழந்தை அதுவரை காத்திருக்காது. தகப்பன் பேர் இல்லாமல் பிறந்தால் தாயையும் பிள்ளையையும் ஏழைவிடுதியில் தள்ளிவிடுவதற்கு ஊர்ப் பொறுப்பாளர் கேட்ச் வண்டியே பூட்டி வைத்திருந்தார்.

பதினொன்றரைக்கு அவர் கோயில் வாசலுக்கு வந்துவிட்டார்.

"என்ன ஜோப், மாப்பிள்ளை வழியில தூங்கிட்டானா?"

"வந்துட்டிருக்கான் முதலாளி."

"எந்த வருஷம் வருவான்னு கேட்டுச் சொல்லு. என் குதிரைக்குக் கால் கடுக்குதாம்."

கெசியா கல்லறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஜோப் அண்ணே, எம் பிள்ளைய பேரில்லாததா ஆக்கிடாதீங்க" என்றாள்.

நான் கோபுரத்தில் ஏறினேன். பன்னிரண்டுக்குக் கால்மணி இருக்கும்போது கடிகாரத்தின் பெரிய முள் பலகைபோல் படுத்திருக்கும். ஜன்னல் வழியாக வெளியே இறங்கி அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். அப்போது நான் நல்ல கனம். போதாததற்குப் பையில் ஒரு பன்றித்தொடையும் இருந்தது. ஹார்க்லியில் ஒன்றரை மணி நேரம் பதினொன்றே முக்காலாகவே இருந்தது. வயல் ஆட்கள் சாப்பாட்டு நேரம் எங்கே போயிற்று என்று தெரியாமல் களைக்கொத்தை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். கேட்ச் வீட்டு உருளைக்கிழங்கு வெந்து, கரைந்து, அடிபிடித்தது. கேட்ச் தம் பைக் கடிகாரத்தைக் கோபுரம் பார்த்து ஆறு தடவை பின்னுக்குத் திருப்பினார். கடைசியில் அது மனம் வெறுத்து நின்றுவிட்டது. பிறகு ஓடவேயில்லை.

அங்கிருந்துதான் ஆமோஸ் வருவதைப் பார்த்தேன். தலை முதல் கால்வரை சுண்ணாம்பு வெள்ளை. காலடியில் புழுதி கிளம்பவில்லை. வடக்கு வாசல் வழியாக நுழைந்ததால் கேட்ச் அவனைப் பார்க்கவில்லை. முள்ளில் என் இடத்தில் பன்றித்தொடையைக் கட்டிவிட்டு இறங்கினேன். அது என்னைவிடப் பொறுப்பாக இருந்தது.

ஹாலிஸ் பாதிரியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை.

"மாப்பிள்ளை எங்கப்பா?"

"ஒங்க முன்னாடிதான் நிக்கிறார் ஐயா."

"ரொம்ப இளைச்சுட்டாரே."

"பாறை வேலை, ஐயா."

"கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்கிறாரே."

"கூச்சம் ஐயா. என்னைச் சொல்லச் சொல்றார்."

ஆமென் மாதிரியே சம்மதத்தையும் அவனுக்குப் பதிலாக நானே சொன்னேன். மோதிரத்தை கெசியா தானே எடுத்து விரலில் போட்டுக்கொண்டாள். ஆமோஸின் கை அவ்வளவு சில்லிட்டிருந்ததாம்.

"பொண்ணு ஏன் இப்படி அழுவுது?"

"சந்தோஷம் ஐயா."

சாட்சிக்கு நானும், காது கேளாத குழிவெட்டி டார்பியும். ஆமோஸுக்கு எழுதத் தெரியாது; சிலுவைக்குறி போட்டான். கெசியா அவன் கையைப் பிடித்திருந்தாள். நடுக்கம் அவளுடையது.

கேட்ச் உள்ளே வந்து மை காயாத பக்கத்தை உற்றுப் பார்த்தார்.

"எங்கடா அவன்?"

"வேலைக்குத் திரும்பிட்டான் முதலாளி."

"கல்யாணத்தன்னிக்கா?"

"பாறை காத்திருக்குமா?"

அவர் போய்க் குதிரையை அவிழ்த்தார்.

செவ்வாய்க்கிழமை பெண் பிறந்தது. ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் பேரை நான்தான் எழுதினேன், பெரிய எழுத்தில். அதற்கு அடுத்த வாரம், டன்மூரில் குழி சரிந்து ஆமோஸ் செத்துப்போன செய்தி எங்கள் ஊருக்கு வந்தது. ஊரே கெசியா வீட்டுக்கு ஓடிற்று. அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"ஒரு சொட்டுக் கண்ணீர் வரல பாரு, கல்லு" என்றாள் ரொட்டிக்காரி.

அழவேண்டியதை எல்லாம் அவள் வெள்ளிக்கிழமையே அழுதுவிட்டாள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அதன்பிறகு முப்பது வருஷம் த்ரிங்கின் விதவை என்ற பேரோடு ஊர்த்துணி வெளுத்தாள். எத்தனையோ பேர் கேட்டும் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்படிக் கேட்டவர்களில் நானும் ஒருவன்.

டன்மூர் கோயிலின் அடக்கப் பதிவேட்டில் ஆமோஸ் த்ரிங், வயது இருபத்துநான்கு, என்று எழுதியிருப்பது அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் தேதியில்.