கேள்வி கேட்கத் தெரிந்த வாத்தியார்

விளாங்குடியில் பேக்கரி மாடியில் கொரிய மொழி வகுப்பு நடத்தும் பாண்டியராஜனுக்கு, வாசல் ஃபிளெக்ஸ் சொல்கிறபடி, ‘கொரியத் தமிழ்ச் சுடர்’ என்று பட்டம். வழங்கியது ஃபிளெக்ஸ் அடித்த கடை. கொரியாவை அவர் பார்த்ததில்லை. கொரியாவுக்குக் கொடுப்பினை இல்லை என்பது அவர் கருத்து.

அன்று பலகையில் ‘நுகு – யார், ஒன்ஜே – எப்போது, ஓதி – எங்கே, வே – ஏன்’ என்று எழுதிவிட்டு, “மதுரையில-ன்னு நாம ‘ல’வக் கடைசியில ஒட்டுறோம்ல? கொரியன்லயும் ஒட்டு பின்னாலதான். அவிங்களுக்கு இலக்கணம் குடுத்ததே நாமதான்” என்று முழங்கிக்கொண்டிருந்தார். முத்துமீனா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். பக்கத்து ஊரான பரவைக்காரி. கணவன் இம்மானுவேலுக்குக் கொரியாவில் ஒரு இரும்புப் பட்டறையில் வேலை. ஒரு வாரமாக அவன் ஃபோனை எடுக்கவில்லை.

“இன்னைக்கு எடுத்தாக சார். அவரு இல்ல, யாரோ கொரியாக்காரரு. ஒண்ணும் வெளங்கல. உசுரோட இருக்காரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

“இதுக்குப் போயி அழுவாங்களா தங்கச்சி? போடு ஃபோன.”

மாணவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஸ்பீக்கரில் குரல் வந்ததும் வாத்தியார் செருமிக்கொண்டு, ஒட்டெல்லாம் அதனதன் இடத்தில் நிற்கக் கேட்டார்: “இம்மானுவேலுன் ஓதியே இஸ்ஸொயோ?”

இம்மானுவேல் எங்கே இருக்கிறார்? பழுதில்லாத கொரியன். வினையே அதுதான். இவருக்கு மொழி தெரியும் என்று நம்பிய அந்த மனிதர் மூச்சுவிடாமல் பதில் சொன்னார்.

வாத்தியார் படித்த புத்தகத்தில் எல்லோரும் கேள்வி கேட்டார்கள். பதில்கள் இரண்டாம் பாகத்தில் இருந்தன; அதை அவர் வாங்கவில்லை.

“ஒன்ஜே?” என்றார். இன்னும் நீளமாகப் பதில் வந்தது. “வே?” அங்கே குரல் தாழ்ந்தது.

“என்ன சார் சொல்றாரு?”

“நல்லா இருக்காராம்.”

“எங்க இருக்காராம்?”

“கொரியாவுலதான்.”

பின்னால் யாரோ சிரித்து அடங்கினார்கள்.

“நல்லா இருக்கவரு ஃபோன இவரு ஏன் சார் எடுக்குறாரு?”

வாத்தியார் பலகையில் இருந்த ‘வே – ஏன்’-ஐத் திரும்பிப் பார்த்தார்.

அவள் ஃபோனைப் பிடுங்கி வீடியோ பொத்தானை அழுத்தினாள். அதற்கு இலக்கணம் தேவைப்படவில்லை. திரையில் நரைத்த தலை ஒன்று வந்தது. ஒரு கையால் கும்பிட்டு, “இம்மானுவேல், இம்மானுவேல்” என்றாள். அவர் தலையாட்டிவிட்டு ஃபோனைத் திருப்பினார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தாடி மண்டிய இம்மானுவேல், வலது கை போர்வைக்குள். கண் திறந்தான்.

“மீனா... லேசா அடி. வேற ஒண்ணுமில்ல.”

“வலது கையக் காட்டுங்க.”

“அப்பறம் காட்டுறேன்டி.”

“இப்பக் காட்டுங்க.”

போர்வையை விலக்கினான். மணிக்கட்டோடு முடிந்திருந்தது கை; நுனியில் கட்டு.

“ஒன்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல, மீனா.”

முத்துமீனா ஃபோனை முகத்தருகே கொண்டுபோனாள். பிறகு கேட்டாள்:

“சோறு யாரு ஊட்டுறா?”

அவன் திரைக்கு வெளியே, ஃபோனைப் பிடித்திருந்தவரைப் பார்த்தான்.

“இந்தாளுதான்.”