வலது கையில் பூஸ்டர்

போன வருடம் வள்ளியம்மாவுக்குக் கொரோனா ஏன் வந்தது என்பது டாக்டர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வள்ளியம்மாவுக்குத் தெரியும். முதல் இரண்டு ஊசியையும் இடது கையில் போட்டுக்கொண்டாள், அதனால் வந்தது.

"நல்லதை யாராச்சும் பீச்சாங்கையில வாங்குவாங்களா? நர்ஸ் பிள்ளை கேட்டுச்சு, நானும் யோசிக்காம இடது கையை நீட்டித் தொலைச்சிட்டேன். ரெண்டே மாசத்துல படுக்க வச்சிருச்சு பாரு" என்று கிள்ளான் ஊர் மீன் கடையிலும் மளிகைக் கடையிலும் ஆள் பார்க்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒன்றிரண்டு பேர் வீட்டுக்குப் போய்த் தங்கள் இடது கையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்திருந்தாலும் ஆச்சரியமில்லை. வள்ளியம்மா சொல்கிற தோரணை அப்படி.

அறுபது தாண்டிய வள்ளியம்மா விருந்துச் சமையலில் பேர் போனவள். கல்யாணமோ கருமாதியோ, முதல் இலைக்குத் தன் கையால் பரிமாறிவிட்டுத்தான் நகர்வாள். ஆனால் அந்தப் பேரெல்லாம் ஊரில் கொரோனா வருவதற்கு முந்தைய கதை. இரண்டு வருடமாக ஊரே கதவைச் சாத்திக்கொண்டதில் அண்டாக்கள் பின்கட்டில் தார்பாய்க்கு அடியில் கிடந்தன. மகன் விமலன் லோரி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றினான்.

அந்த நேரத்தில்தான் பங்சாரிலிருந்து இராஜம்மா டீச்சர் போன் செய்தார். கணவருக்கு அறுபதாம் கல்யாணமாம். நூறு இலை.

"இது நல்லபடியா அமைஞ்சா ஏப்ரல்ல என் மக விஷ்ணுப்ரியா கல்யாணத்துக்கும் நீங்கதான் அக்கா. ஆனா ஒண்ணு. வயசானவங்க நிறைய வராங்க. சமைக்கிறவங்க, பரிமாறுறவங்க எல்லாரும் பூஸ்டர் ஊசி போட்டிருக்கணும். போன்ல இருக்கிற ஊசிப் பதிவைக் காட்டச் சொல்லுவேன், தப்பா நினைக்காதீங்க."

"அதுக்கென்ன டீச்சர், போட்டுருவோம்" என்றாள் வள்ளியம்மா, ஏதோ கறிவேப்பிலை வாங்கி வருகிற மாதிரி.

விமலன் தெளிவாகச் சொல்லிவிட்டான். "இந்தக் கல்யாண ஆர்டர் கிடைச்சா தொழிலைத் தொடர்ந்து பார்ப்போம்மா. இல்லேன்னா அண்டாவை எல்லாம் வித்துடலாம். நான் லோரியே ஓட்டிக்கிறேன்." அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் அவளுக்கு அவ்வளவு எரிச்சல் வந்தது.

விமலனுக்கு லோரி கம்பெனியிலேயே பூஸ்டர் போட்டாகிவிட்டது. வள்ளியம்மாவுக்கு ஊசிக்கென்று போனில் முதலில் வந்த தேதி அஷ்டமி. அதை விட்டுவிட்டாள். அடுத்து வந்தது நவமி. அதையும் விட்டுவிட்டாள். மருமகள் மாதவி, அத்தையோடு சேர்ந்து போகலாம் என்று காத்திருந்து தன் தேதியையும் கோட்டைவிட்டாள். கடைசியில் விருந்துக்கு முதல் நாள் சனிக்கிழமை, தேதி வாங்காமலே போட்டுக்கொள்ளலாம் என்று கேள்விப்பட்டு இருவரும் வேனில் கிளம்ப வேண்டியதாயிற்று.

மாதவி ஜெஞ்சாரோம் ஊர்ப் பெண். கல்யாணமாகி மூன்று வருடம். கெட்டிக்காரி, அதிகம் பேசாதவள், வேன் ஓட்டுவதில் விமலனைவிட நிதானம். அவளிடம் வள்ளியம்மா கண்ட ஒரே குறை அவள் இடது கைக்காரி என்பது. காய் நறுக்கலாம், மாவு கரைக்கலாம், அண்டா கழுவலாம். பந்திக்கு முன்னால் மட்டும் வரக்கூடாது. "இலையில இடது கையால சோறு விழுந்தா அப்புறம் யாரு நம்மளைக் கூப்பிடுவாங்க?" என்று முதல் விருந்திலேயே சொல்லிவிட்டாள். மாதவி தலையை ஆட்டினாள். அன்று முதல் எந்த விருந்திலும் அவள் பின்கட்டைத் தாண்டியதில்லை.

"அத்தை, இடது கையிலயே போட்டுக்குங்க" என்றாள் மாதவி, சிக்னலில் வேன் நின்றபோது. "நாளைக்கு நூறு இலை இருக்கு. கை வலிச்சா கரண்டி தூக்க முடியாது."

"எனக்கா வலிக்கும்? முதல் ரெண்டும் எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல."

"இது வேற கம்பெனி ஊசி அத்தை. எங்கம்மா ரெண்டு நாள் கையைத் தூக்கல."

"இடது கைக்கு நீ பரிஞ்சு பேசாம வேற யாரு பேசப் போறா?"

சிக்னல் பச்சையானது. மாதவி வேனைக் கிளப்பினாள். பேச்சில் ஜெயித்த திருப்தியோடு வள்ளியம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

ஊசி முகாம் மண்டபத்தில் கூட்டம் அதிகமில்லை. ஊசி போடும் மலாய்ப் பெண் சின்ன வயசு, கண்ணிலேயே சிரித்தாள். "ஆன்டி, கிரி? கானான்?" என்று இரண்டு கையையும் மாறி மாறிக் காட்டினாள்.

"கானான்!" என்று வள்ளியம்மா வலது கையைத் தூக்கிக்காட்டிய வேகத்தில் அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வேலை செய்கிற கை என்றால் நாளைக்கு வலிக்குமே என்று அந்தப் பெண் மலாயில் மெதுவாக எடுத்துச் சொன்னாள். வள்ளியம்மா "தாப்பா, தாப்பா", பரவாயில்லை என்று அவளைத்தான் சமாதானப்படுத்தினாள். ஊசி இறங்கியது. வள்ளியம்மா கண்ணைக்கூட மூடவில்லை. ஒரு வழியாகக் காரியம் முறையாக நடந்துவிட்டது என்ற நிம்மதியில் எழுந்து, பஞ்சை அழுத்திக்கொண்டு நின்றாள்.

அடுத்து மாதவி உட்கார்ந்தாள். எந்தக் கையால் வேலை செய்வாய் என்று அந்தப் பெண் கேட்க, மாதவி இடது கையை லேசாக உயர்த்தினாள். ஊசி வலது கையில் ஏறியது.

வள்ளியம்மா பார்த்தது வலது கையில் ஏறிய ஊசியை மட்டும்தான். கால் மணி நேரம் உட்காரச் சொன்ன நாற்காலிகளில் உட்கார்ந்ததும் மருமகளின் தொடையில் தட்டினாள். "இப்பத்தான் உனக்குப் புத்தி வந்திருக்கு."

"வேலை செய்யாத கையில போடணும்னு சொன்னாங்க அத்தை. அதான்."

அது வள்ளியம்மாவின் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அவள் அதற்குள் விமலனுக்குப் போன் போட்டு, இந்த வயசிலும் அம்மா எப்படி அசையாமல் உட்கார்ந்திருந்தாள் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் விடியற்காலையில் அவள் பேச்சு குறைந்துபோனது. உடம்பு லேசாகச் சுட்டது. அது பெரிதில்லை, ஒரு மாத்திரையில் அடங்கியது. கைதான் சொன்னபடி கேட்கவில்லை. தோள்பட்டை வீங்கி, யாரோ உள்ளே அம்மிக்கல்லை வைத்துத் தைத்துவிட்ட மாதிரி கனத்தது. சாம்பார் அண்டாவில் கரண்டியை விட்டுத் திருப்பப் பார்த்தாள். கரண்டி உள்ளேயே நின்றது.

"தள்ளுங்க அத்தை" என்றாள் மாதவி. குத்திக்காட்டவில்லை, நான் சொன்னேனே என்றும் கேட்கவில்லை. அது வள்ளியம்மாவுக்கு இன்னும் கடுப்பாக இருந்தது.

மாதவி இடது கையால் கரண்டியைப் பிடித்துத் திருப்பினாள். வள்ளியம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, புளி போடு, தீயைக் குறை, அடி பிடிக்குது பார் என்று வாயால் சமைத்தாள். பாதி நேரம் அவள் சொல்வதற்கு முன்னாலேயே அது நடந்திருந்தது. ரசத்தை நாக்கில் விட்டுப் பார்த்தாள். குறை தேடினாள். கிடைக்கவில்லை. இன்னொரு தரம் விட்டுப் பார்த்தாள், அப்போதும் கிடைக்கவில்லை.

அண்டாக்களை வேனில் ஏற்றும்போது போன் வந்தது. பந்தி பரிமாற வழக்கமாக வரும் காப்பார் ஊர் அண்ணன் தம்பிகள். "அக்கா, கொரோனா டெஸ்ட் கிட்டுல ரெண்டு கோடு காட்டுது லா. எனக்கும், அவனுக்கும்."

"சரி, பத்திரமா இருங்க, கஞ்சி குடிங்க" என்று போனை வைத்தாள். ஆக, நூறு இலைக்குப் பரிமாற இருந்தது மூன்று பேர். அதில் ஒழுங்கான வலது கை ஒன்றே ஒன்று, அது விமலனுடையது.

பங்சார் மண்டபத்தில் டீச்சர் வாசலிலேயே நின்று மூவரின் போனையும் பார்த்து, பூஸ்டர் விவரம் இருப்பதை உறுதி செய்துகொண்டு உள்ளே விட்டார். பட்டுப்புடவையும் கண்ணாடியுமாக, பரீட்சை நடத்த வந்தவர் போலவே இருந்தார். சடங்கு முடிந்து முதல் பந்தி உட்கார்ந்தது. விமலன் சோறு போட்டுக்கொண்டு போனான். வள்ளியம்மா சாம்பார் கரண்டியைத் தூக்கினாள். அது பாதியிலேயே நின்றது. பல்லைக் கடித்துப் பார்த்தும் மேலே வரவில்லை. கரண்டியை மாதவியிடம் கொடுத்தாள்.

மாதவி கையுறை மாட்டிய வலது கையால் வாங்கினாள். அவளுக்கும் அந்தத் தோளில்தானே ஊசி. முதல் இலையில் சாம்பார் சோற்றை விட்டு விளிம்பில் ஓடியது. பெரியவர் ஒருவர் வேட்டியைச் சட்டென்று ஒதுக்கினார்.

வள்ளியம்மா வரிசையைப் பார்த்தாள். சோறு விழுந்த இலைகள், ஆவி பறக்கிறது, ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

"உனக்கு வாகா வர்ற கையிலயே பரிமாறு" என்றாள் மெதுவாக.

மாதவி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. பிறகு கரண்டி இடது கைக்குப் போனது. சோறு முடித்த விமலன் வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடக்க, குழியில் விழுவது போலச் சாம்பார் ஒவ்வோர் இலையிலும் சோற்றின் நடுவில் போய் உட்கார்ந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

"என்னக்கா இது, பொண்ணு இடது கையில பரிமாறுது?" டீச்சரின் குரல் வகுப்பறைக் குரல். பந்தி முழுக்கத் தலைகள் திரும்பின.

"நேத்துதான் டீச்சர் ரெண்டு பேரும் பூஸ்டர் போட்டோம், நீங்க கேட்டீங்கன்னு" என்றாள் வள்ளியம்மா, குரல் கொஞ்சமும் இறங்காமல். "வலது கை எழும்ப மாட்டேங்குது. கோவிச்சுக்காதீங்க."

"ஐயோ, எனக்கும் அப்படித்தான் லா! மூணு நாள் சட்டை போட முடியல!" என்று வேட்டியை ஒதுக்கிய பெரியவர் தன் தோளைத் தேய்த்துக் காட்டினார். ஆளாளுக்குத் தங்கள் ஊசிக் கதையை அவிழ்த்துவிட்டார்கள். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குப் பசி, ஓர் அம்மாவுக்கு இரண்டு நாள் நல்ல தூக்கம். பந்தி சிரித்துக்கொண்டே சாப்பிட்டது. மாதவி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த இலைக்குப் போனாள்.

வள்ளியம்மா சுவரோரம் நின்றாள். பந்தியில் ஓடாமல் நின்று பார்ப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. யாருக்கு ரசம் தீர்ந்தது, யார் பாயசத்துக்குக் கண்ணால் தேடுகிறார் என்று கேட்காமலே மாதவிக்குத் தெரிந்தது. அந்தக் கை அவசரப்படவில்லை, தயங்கவும் இல்லை. இவளையா இத்தனை நாள் பின்கட்டில் அண்டா தேய்க்க வைத்தோம் என்று நினைத்தபோது வள்ளியம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. தோள் வலியைவிட அதுதான் அதிகம் வலித்தது.

கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு டீச்சர் பின்கட்டுக்கே வந்துவிட்டார். மாதவி குழாயடியில் கரண்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சாப்பாடு பிரமாதம். பாயசத்தை எங்க வீட்டுக்காரர் மூணு தடவை கேட்டு வாங்கினார். விஷ்ணுப்ரியா கல்யாணம் உங்களுக்குத்தான். ஏப்ரல்ல ஐந்நூறு இலை." டீச்சர் மாதவியின் பக்கம் திரும்பினார். "அதுக்குள்ள இந்தப் பொண்ணுக்குக் கை சரியாயிரும்ல?"

ஆமா என்ற சொல் வள்ளியம்மாவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்த ஒரு சொல் போதும். தொழில் திரும்பிவிடும், அண்டா விற்க வேண்டியதில்லை. பந்தியில் சொன்னதும் பொய் இல்லை. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, ஆனால் மாதவி கழுவுவதை நிறுத்தியிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"சரியாக வேண்டியது என் கை டீச்சர்" என்றாள் வள்ளியம்மா. "நான் பண்ணின பிடிவாதத்துல வீங்கிக் கிடக்கு. இவ கையில ஒரு கோளாறும் இல்ல. என் மருமக பொறந்ததுலேர்ந்தே இடது கைக்காரி. நீங்க சாப்பிட்ட சாம்பார், ரசம், உங்க வீட்டுக்காரர் கேட்டு வாங்கின பாயசம், எல்லாம் அந்தக் கை கிண்டினது. கல்யாணத்துல முதல் இலைக்கும் அதுதான் பரிமாறும்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "எனக்கு ஒண்ணுமில்லக்கா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இருக்காங்க, முதல் இலையில அப்படின்னா... வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றேன்."

"கலந்துக்குங்க டீச்சர். ஆனா சீக்கிரம் கலந்துக்குங்க. அப்புறம் ஏப்ரல்ல எங்களுக்கு வேற ஆர்டர் வந்துரும்."

வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்த விமலன் வாயைப் பிளந்தான். ஏப்ரலில் என்ன, இந்த வருடம் முழுவதற்குமே வேறு ஆர்டர் ஒன்றும் இல்லை என்பது அவனுக்கும் தெரியும், மாதவிக்கும் தெரியும். மாதவி திரும்பி அத்தையைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனாலும் சிரிப்பு வந்துவிடும் போல இருந்தது.

"என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறே?" என்றாள் வள்ளியம்மா. "அண்டாவுல பாயசம் இருக்குல்ல? டீச்சருக்கு ஒரு கப்பு ஊத்திக் கொடு. குடிச்சுக்கிட்டே யோசிக்கட்டும்."

மாதவி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பாயசத்தை ஊற்றினாள். கப்பை இடது கையில் எடுத்து டீச்சரிடம் நீட்டினாள். டீச்சர் அந்தக் கையைப் பார்த்தார், வள்ளியம்மாவைப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டார்.