இரண்டாம் எடை

காலையிலிருந்து மூவாயிரத்துச் சொச்சம் நிரல் வரிகளைப் படித்து ஒப்புதல் கொடுத்திருந்த சிவசக்தி, நீக்கப்பட்டிருந்த ஒரு வரியில் வந்து நின்றாள். பிறந்த குழந்தையின் எடை இரண்டு கிலோவுக்குக் கீழே இருந்தால் எடையை மறுபடியும் கேட்கச் சொல்லும் வரி. ஏஐ அதை எடுத்துவிட்டுக் காரணமும் எழுதியிருந்தது: எடை முன்பே சரிபார்க்கப்படுகிறது, இது தேவையற்றது. சோதனைகள் எல்லாம் தேறியிருந்தன. மாலை நான்கு மணிக்குப் புதிய பதிப்பு நாற்பது மருத்துவமனைகளுக்குப் போகும். அந்த எடையை வைத்துத்தான் மென்பொருள் மருந்தின் அளவைச் சொல்லும்.

அந்த வரி ஏன் இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏஐயிடம் கேட்டாள். அது மூன்று காரணங்கள் சொன்னது. மூன்றும் பொருத்தமாக இருந்தன. எதுவும் உண்மையாகப் படவில்லை. எழுதியவர் பெயர் பதிவில் இருந்தது: ஆன்மேரி.

அவளும் ஆன்மேரியும் உட்பட ஏழு பேர் செய்த வேலை. போன மார்ச்சில் மேலாளர், ஏஐ இருந்தால் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். முடியும் என்றாள். சேலம் அலுவலகத்தை மூடினார்கள். அதன்பின் மலைமேல் கொட்டச்சேட்டு வீட்டில், ஜன்னலுக்கு வெளியே காப்பிச் செடிகள், உள்ளே அவள். பகல் முழுக்கத் தட்டச்சிலேயே எல்லாம் கேட்டு, சொல்லி முடித்துவிடுவாள். சில நாட்களில் சாயங்காலம் பால்காரரிடம் பேச வாய் திறந்தால் முதல் சொல் வராது.

ஆன்மேரி போனை எடுக்கவில்லை. சிவசக்தி இரண்டு முறை அடித்துப் பார்த்துவிட்டு, மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு, அவள் இப்போது வேலை பார்க்கும் லாட்ஜுக்கு ஸ்கூட்டரை எடுத்தாள்.

ஒண்டிக்கடை முக்கில் இருந்த அந்த லாட்ஜில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஆன்மேரி உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதத்தில் முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள்.

"வாங்கக்கா. ரூமுங்களா? ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?"

சிவசக்தி கணினியைத் திறந்து மேசைமேல் திருப்பி வைத்தாள். நான்கு மணிக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. ஆன்மேரி வரியைப் படித்தாள். படிக்கும்போது உதடு அசைந்தது.

"அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனமுல்லங்க, அங்க கொழந்தைய துணியோடதான் நிறுக்கறாங்க. குளுருக்குச் சுத்துன துணி. பெரிய கொழந்தைக்குப் பரவால்ல. ஒன்னேகால் கிலோ கொழந்தைக்குத் துணியே கால் கிலோ. மறுக்கா கேட்டாத்தான் நர்ஸம்மா துணிய அவுக்கறாங்க."

"நான் பாக்கலையே."

"நீங்க வெளிய வேன்ல போன் பேசிட்டிருந்தீங்க."

"இத எழுதி வெச்சிருக்கலாமே கண்ணு."

"வெச்சேனுங்க. ஆறு வரி. என்ன இது கதையாட்டம், எடுன்னு சொன்னீங்க."

சிவசக்திக்கு நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பாள். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வாள்.

பெங்களூரு எண் போட்ட காரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் இறங்கி வந்தார்கள். ஆன்மேரி அவர்களுடைய அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்து, சாவியை எடுத்துக்கொண்டு அவர்களோடு மாடியேறினாள். சிவசக்தி பெஞ்சில் உட்கார்ந்து வரியைத் திரும்பப் போட்டாள். அதன்மேல் துணியைப் பற்றி எழுதினாள். ஏழு வரி வந்தது. ஏஐ உடனே பதில் சொன்னது: மிக நல்ல கவனிப்பு, இது முக்கியமான காரணம், இதற்கு ஒரு சோதனையும் சேர்க்கட்டுமா?

கவனித்தது நான் இல்லை என்று அடித்தாள். அழித்தாள். சேர் என்று மட்டும் எழுதி அனுப்பினாள்.

மூன்று ஐம்பதுக்குச் சோதனை முடிந்தது. இரண்டாம் எடையோடு புதிய பதிப்பு வரிசையில் போய் நின்றது. இனி அவளுக்கு இங்கே வேலையில்லை. மேசைக்குப் பின்னால் நாற்காலி காலியாக இருந்தது. சொல்ல வேண்டியதை எந்தச் சொல்லில் தொடங்குவது என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மாடியிலிருந்து ஆன்மேரியின் குரல் கேட்டது. "சுடுதண்ணிக்கு எடதுபக்கம் திருப்பி உடுங்க. ஒடனே வராதுங்க, பொறுக்கணும்."

குழாய் திறந்தது. காலி வாளியில் தண்ணீர் விழத் தொடங்கியது.