ரெண்டு கண்ணி

அட்டைப்பெட்டி ஆலையில் ஃபிட்டராக இருந்தவனுக்கு அங்கே மேலாளராக வாய்த்தவர் சொந்த அக்காவின் கணவர். கேட்டுக்கு வெளியே அத்தான், உள்ளே சார். வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதை அவரும் மறக்கவில்லை, இவனையும் மறக்க விடவில்லை.

அட்டை வெட்டும் இயந்திரத்தின் செயின் தொய்ந்துபோய்ப் பல்லுக்குப் பல் தாவிக்கொண்டிருந்தது. அதை இழுத்துப் பிடிக்கும் போல்ட்டில் இனித் திருக மரை இல்லை. பல்சக்கரமும் தேய்ந்து கூராகிவிட்டது. செயினையும் சக்கரத்தையும் மாற்ற வேண்டும் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்துவிட்டான்.

"செயின்ல ரெண்டு கண்ணியக் கழட்டிட்டு மாட்டு. மாசக் கடைசி வரைக்கும் ஓடட்டும்," என்றார் அத்தான்.

"செயினே தேஞ்சு நீண்டு போச்சு சார். கண்ணிய எடுத்தா ஒரேயடியா விறைச்சிக்கும். விரலால அமுக்கினா கொஞ்சமாவது அசையணும். இல்லன்னா பேரிங் போகும், இல்ல செயின் அறுந்துடும்."

"எனக்குப் பாடம் எடுக்காத. முடியலன்னா சொல்லு, முடிஞ்சவனக் கூட்டிட்டு வர்றேன்."

கழற்றினான். அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும், செயினை மறைக்கும் மூடித் தகட்டை மாட்டாதே என்றார் அத்தான். அதற்கும் தலையாட்டினான். வேலைப் புத்தகத்தில் 'இரண்டு கண்ணி நீக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். யார் சொல்லிச் செய்தது என்று எழுத அதில் கட்டம் இல்லை.

மூன்றாம் நாள் மதியம் செயின் அறுந்தது. பதினாறு வருஷமாக அந்த இயந்திரத்தில் நின்றவளை ஆலையே கட்டர் அக்கா என்றுதான் கூப்பிடும். அறுந்த முனை சுழன்று வந்து அவள் வலது கையில் அடித்தது. மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

விசாரணை என்றதும் அவனுடைய அக்கா வீடு தேடி வந்தாள். கொடுத்த காபியைத் தொடவில்லை.

"நீ சின்னவன்டா, எங்க போனாலும் பொழச்சிக்குவ. இந்த வயசுல அவருக்கு யாரு வேலை குடுப்பா? நீயாத்தான் கழட்டினேன்னு சொல்லிடு."

"அந்தம்மாவுக்குக் கை போச்சுக்கா."

"அதுக்கு என் குடும்பமும் போகணுமா?"

விசாரணை அறையில் எதிரே அமர்ந்திருந்த அத்தான் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "நான்தான் கழட்டினேன். யாரும் சொல்லல," என்றான். வேலை போயிற்று. புதுச் செயினும் சக்கரமும் மறுநாளே வந்து இறங்கின.

வேலை போன அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

"இப்படி இறுக்கினா அறுந்துடும்னு உனக்குத் தெரியாதா தம்பி?" என்று கேட்டாள் கட்டர் அக்கா.

இவளிடமும் பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியும்கா."

அவள் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம், தெரியாம செஞ்சிருப்பான்னு வர்றவங்ககிட்ட எல்லாம் உனக்காகப் பேசிட்டிருந்தேன்," என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கொண்டுபோன பழப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டிலடியில் வைத்துவிட்டு வந்தான்.

ஒரு வாரம் கழித்து அத்தான் போன் செய்தார். "வேற ஆலையில சொல்லி வெச்சிருக்கேன். திங்கக்கிழமை சேர்ந்துக்க. நடந்ததப் பத்தி வீட்டுல இனிமே யாரும் பேச வேணாம்."

வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது அவனுக்கு. மனைவி சமையலறை வாசலில் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன மணிக்குப் போகணும்?" என்று கேட்டான்.