பேய் வராத பேய்ப்படம்

அந்த வீடியோ கடையை நடத்துகிறவளை எல்லோரும் ரீவைண்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கேசட்டைச் சுற்றாமல் திருப்பித் தந்தவர்களை அந்தக் காலத்தில் வறுத்தெடுத்ததால் வந்த பெயர். கேசட் போய் டிஸ்க் வந்த பிறகும் பெயர் போகவில்லை, வாயும் குறையவில்லை.

அலமாரிகளில் இருப்பதெல்லாம் காலிப் பெட்டிகள். டிஸ்க்குகள் அவளுடைய மேஜை இழுப்பறையில், எண் போட்ட காகித உறைகளில் இருக்கும். பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்து உறையை எடுத்துக் கொடுப்பாள். வாசல் கரும்பலகையில் இடப்பக்கம் ‘புதுவரவு’, வலப்பக்கம் ‘நம்ம ஊர்க் கலை’. இந்தச் சனிக்கிழமை வலப்பக்கத்தில் அவளுடைய நாத்தனார் எடுத்த படம்: மாலை நான்கு மணி, கடையின் பின்னறை, எல்லோரும் வரலாம்.

நாத்தனாருக்குச் சீருடை தைக்கும் கூடத்தில் வேலை. மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கிய படம், ஓடுவதென்னவோ இருபத்திரண்டே நிமிடம். போன மாதம் அவளுடைய கணினி மண்டையைப் போட்டுவிட்டதால் மிஞ்சியது ஒரே ஒரு டிஸ்க். “பத்திரம் அண்ணி” என்று புதன்கிழமை கொடுத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை இரண்டரை மணிக்கு இழுப்பறையைத் திறந்தால் டிஸ்க்கைக் காணோம்.

நடந்தது இதுதான். வீட்டுப் பெண் எடுத்த படமாச்சே என்று, புதுவரவுக்குத் தருகிற மரியாதையோடு அதற்கும் 2114 என்று எண் போட்டாள். மறுநாள் வந்த பேய்ப்படத்தின் பெட்டியிலும் கை போன போக்கில் அதே 2114. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. பேய்ப்பட டிஸ்க் இழுப்பறையின் அடியில் எண்ணில்லாமல் கிடந்தது. நேற்று அந்தப் பெட்டியை எடுத்து வந்தவருக்கு நாத்தனாரின் படம் போயிருக்கிறது.

எடுத்துப் போனவர் யார் என்று நோட்டில் பார்த்ததும் பாதி உயிர் போய்விட்டது. நொட்டை சார்! ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். எந்தப் படத்தையும் நொட்டை சொல்லாமல் திருப்பித் தந்தவரில்லை. ஒருமுறை பிடிக்காத டிஸ்க்கின் மேல் டீ டம்ளரை வைத்து வட்டம் போட்டுக் கொண்டுவந்த புண்ணியவான்.

போனை எடுக்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு ஓடினாள். மூன்று மாடி ஏறினால் கதவு பூட்டியிருந்தது. “இப்பதான் உங்க கடைக்குக் கெளம்பினார். கோவமா இருந்தார்” என்றாள் எதிர்வீட்டுக்காரி. திரும்பவும் ஓட்டம்.

கடை வாசலில் நொட்டை சார். அவருக்கு எதிரே, சீக்கிரமே வந்துவிட்ட நாத்தனார். அவர் கையிலிருந்த டிஸ்க்கை அவள் முறைத்துக்கொண்டிருந்தாள்.

“வாம்மா! பேய்ப்படம்னு குடுத்தே, ஒரு பேயும் வரல” என்று அவர் ஆரம்பித்தார்.

“சார், அது என் தப்பு. இவதான் இத எடுத்தவ. ஏதும் சொல்லிடாதீங்க...”

“நீயா எடுத்தே?” அவர் நாத்தனார் பக்கம் திரும்பினார். “அப்ப நீயே சொல்லு. அந்தக் காலர் தைக்கிற அம்மா தச்சத, செக்கிங்ல மூணு தடவ திருப்பி அனுப்பினாங்க. நாலாவது தடவ எடுத்துட்டுப் போறாங்க, படத்த நிறுத்திட்டே. பாஸ் ஆச்சா இல்லையா? எனக்குத் தூக்கமே வரல!”

நாத்தனாருக்குக் கண் நிறைந்தது. “ஆச்சு சார்” என்றாள்.

“அத முன்னாடியே சொல்றதுக்கென்ன?” டிஸ்க்கை நீட்டினார். ஒரு கீறல் இல்லை. அக்கா அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். போன உயிர் திரும்பி வந்தது. அவள் கடையைத் திறந்ததும் நொட்டை சார் நேரே பின்னறைக்குப் போய் முதல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“மன்னிச்சிடும்மா” என்றாள் அக்கா.

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். “சொந்தக்காரங்க எல்லாரும் பிரமாதம்னாங்க அண்ணி. இப்படி ஒருத்தரும் கேக்கல.”

பிரமாதம் என்று முதலில் சொன்னவளே அக்காதான். “நான் இன்னும் பாக்கவே இல்லம்மா” என்றாள், தரையைப் பார்த்தபடி.

“தெரியும் அண்ணி. பாத்திருந்தா நீங்களும் இதத்தான் கேட்டிருப்பீங்க. வாங்க, ஆரம்பிக்கலாம்.”

அக்கா போய் நொட்டை சாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “பேசாம பாக்கணும்” என்றார் அவர்.