படுத்துக்கொண்ட முருகன்

…நிற்க வேண்டியவர் படுத்துவிட்டாரே என்றிருந்தது நஞ்சப்பனுக்கு, ஸ்டீயரிங் சக்கரத்தின் நடுவில், ஹாரன் பட்டன்மேல் அவனே ஒட்டிய பழனியாண்டவர் படம், கோவணமும் தண்டுமாக ஆறு வருஷம் நின்றவர், டயரைத் திருப்புகிற ஸ்டீயரிங் ராடு புதிதாகப் போட்டு லாரி பட்டறையை விட்டுக் கிளம்பியதும் இடப்பக்கமாகச் சாய்ந்து ஸ்ரீரங்கத்துப் பெருமாளைப்போலப் பள்ளிகொண்டுவிட்டார், கோவிந்தாபுரத்துச் சாலையோ வகிடெடுத்த மாதிரி நேராகக் கிடக்கிறது, லாரியும் நேராகத்தான் போகிறது, சக்கரம் மட்டும் கால் சுற்று திரும்பி நிற்கிறது, நேராகப் போகிற வண்டிக்குக் கோணலான சக்கரம், இது என்ன நியாயம்? பக்கத்தில் மேஸ்திரி ஈஸ்வரமூர்த்தி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "படுத்தா என்னுங்க, ரெண்டு மாசம் பட்டறையில நின்ன வண்டி, சாமிக்கும் கால் வலிக்குமில்ல" என்கிறார். பங்குனி வெயிலில் பனைகள் தண்ணீருக்குள் நிற்பதுபோல் நெளிகின்றன, தூரத்தில் நெல்லியாம்பதி மலை நீலப் புகையாக மிதக்கிறது, மலையைப் பார்க்காதே, மலை என்றால் வளைவு, வளைவு என்றால் முட்டைக்கோசு… மூணாற்றுக்குக் கீழே அந்தச் சரிவில் அறுபது மூட்டை கோசும் அவிழ்ந்து, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள்போலத் தேயிலைச் செடிகளுக்குள் குதித்துக் குதித்து ஓடியது, காய்ச்சல் கண்ணோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றான், அழகாயிருந்தது, அந்த நேரத்தில் அது அழகாயிருந்ததை யாரிடம் சொல்ல முடியும்?

அன்றைக்குக் காய்ச்சல் என்றுதான் மச்சினன் சென்னிமலையிடம் சக்கரத்தைக் கொடுத்தான், இந்த வண்டியை அவன் மலையில் ஓட்டியது அதுதான் முதல் தடவை, இவன் பக்கத்தில் போர்வைக்குள் சுருண்டான், பாறையில் மோதிய சத்தத்தில்தான் கண் விழித்தான், இறங்கியதும் முதல் வேலையாக அறைந்தான், "தூங்கிட்டாடா ஓட்டுனே!" தூங்கினவன் முழித்திருந்தவனைக் கேட்ட கேள்வி. "தூங்கலீங் மாமா, வலத்தாண்ட சக்கரத்த ஒடிச்சேன், பாதியில நின்னுபோச்சு, வண்டி திரும்புலீங் மாமா," கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னதையே சொன்னான், மேலே கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த ஒருத்தி, "அந்தப் புள்ளைய ஏண்ணே அடிக்கீய, சக்கரத்தப் புடிச்சுத் தொங்குச்சே, நாங்க பாத்துக்கிட்டுதான இருந்தோம்" என்று கத்தினாள், சாட்சி சொல்ல வந்துவிட்டாள் பார் என்று நினைத்தானே தவிர சாட்சியைக் கேட்டானா? சென்னிமலை அங்கிருந்தே போய்விட்டான், வட்டவடையில் ஜீப் ஓட்டுகிறானாம். வீட்டில் அவன் அக்கா பூவாத்தாள் அன்றிலிருந்து புருஷனிடம் பேசுவதில்லை, சோற்றுப் பானையிடம் பேசுகிறாள், "பானையே, பசிச்சவங்க வந்து உண்ணுக்கிடட்டும். ரசம் அடுப்போரத்துல இருக்குது." பானைக்கு இத்தனை மரியாதை அதற்கு முன் கிடைத்ததில்லை.

புளியமரத்தடியில் நிறுத்தி, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, டயர்களை நேராக வைத்துவிட்டு, ஈஸ்வரமூர்த்தி கீழே படுத்துக்கொண்டு, இடத்தே முழுசா ஒடிங்க என்றார், ரெண்டரைச் சுற்று, பழையபடி நேராக்கி வலத்தே ஒடிங்க என்றார், ஒன்று, இரண்டு, இரண்டேகால்… இங்கே நிற்கும் என்று கை தானாகத் தளர்ந்தது, நிற்கவில்லை, சக்கரம் இன்னும் கால் சுற்று வழுக்கிக்கொண்டு போனது, மாடிப்படி முடிந்ததென்று நினைத்துக் காலை வைக்கிறோம், இன்னொரு படி இருக்கிறதே, அப்படி. "ரெண்டு பக்கமும் ரெண்டரை, சமமா இருக்குதுங்க," கீழிருந்து குரல் வந்தது, "புது ராடுல குத்தமில்லீங்க. முந்திக் கெடந்தது அளவு கொறஞ்ச ராடு, அதுக்குத் தோதா யாரோ மேல சக்கரத்தக் கழட்டித் திருப்பி மாட்டிருக்கறானுங்க. அப்ப வலத்த முழுசா ஒடிஞ்சிருக்காதே, எப்படிங்க மல ஏறுனீங்க?" யாரோ… யாரோ. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பொள்ளாச்சிப் பழைய இரும்புக் கடையில் வேறு வண்டியின் ராடு ஒன்றைப் பேரம் பேசி, கடைக்காரனே கும்பிட்டுக் கொடுக்கிற விலைக்கு வாங்கினான், மாட்டினதும் முருகன் வலப்பக்கம் படுத்தார், சாமி படுக்கலாமா என்று சக்கரத்தைக் கழற்றி நிமிர்த்தி வைத்தவன் இவன்தான், தராசுத் தட்டுக்கடியில் புளியை ஒட்டிவிட்டு, முள் நேராக நிற்கிறது பாருங்கள் என்று சொல்கிற சந்தைக்காரன் மாதிரி, என்ன, அவன் ஏமாற்றுவது ஊரை.

அப்படியானால் இரண்டு வருஷம் நான் எப்படி ஓட்டினேன்? வலப்பக்கக் கொண்டை ஊசி வளைவு என்றால் அகலமாக எடுப்பேன், ஒரு தடவை ரிவர்ஸ் போடுவேன், பாரம் ஏற்றிய வண்டி அப்படித்தான் என்று இருந்தேன்… மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, முகம் ஒன்றும் அறியாத மாதிரி கிழக்கே பார்த்துக்கொண்டிருக்கும், பேரம் உள்ளே நடந்துவிடும், அப்படித்தான் இந்தக் கையும் அந்தச் சக்கரமும் தங்களுக்குள் பேசி முடித்திருக்கின்றன, சென்னிமலையின் கைக்கு அது எப்படித் தெரியும், அவன் நம்பி ஒடித்தான்.

ஈஸ்வரமூர்த்தி ஜாக்கியை இறக்கிவிட்டு, ஸ்பேனரைத் துடைத்தபடி ஏறி வந்தார். "நடு நட்டைக் கழட்டிக் கால் சுத்து திருப்பி மாட்டுனா சாமி எந்திரிச்சுக்குவாருங்க, பத்தே நிமிசம்." அன்றைக்குத் தப்பாய் இருந்த அதே வேலை இன்றைக்குச் சரி, பத்து நிமிடம், அப்புறம் ராடும் சரி, சக்கரமும் சரி, முருகனும் நேர், யாரோ என்பவன் யாரோவாகவே இருந்துவிடுவான், பூவாத்தாள் பானையோடு பேசிக்கொண்டிருப்பாள், வட்டவடைக்காரன் தூங்குமூஞ்சியாகவே… "இருக்கட்டுங்க மேஸ்திரி," என்று தன் வாய் சொல்வதைக் கேட்டான். "படுத்தே கெடக்கட்டும்." "எத்தன நாளைக்குங்க?" நெல்லியாம்பதியில் ஒரு மேகம் உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தது. "அவன் வந்து பாக்கட்டும்." லாரியைக் கிளப்பித் திரும்பி வந்து, பட்டறைச் சந்துக்கு வலப்பக்கம் ஒடித்தான், ஒடித்துக்கொண்டே இருந்தான், ஒரே ஒடியில், மண்சுவரைத் தொடாமல், வெண்ணெயில் கத்திபோலத் திரும்பி உள்ளே போய்விட்டது, இடது கை மட்டும் அதற்கு முன்பே ரிவர்ஸ் கியரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது, இதை எப்போது கற்றுக்கொண்டது இந்தக் கை, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்… சொல்லியிருந்தால் மட்டும் கேட்டிருப்பேனா?