படியில் கால் நனைத்தவள்

ரகுபதிக்கு மெட்டுப் போடத் தெரியும், மரியாதைதான் தெரியாது. மந்தைவெளியில் அவனுடைய ரெக்கார்டிங் அறையில் சாய்மா அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததே பெரிய காரியம்.

மயிலாப்பூரைப் பற்றி ஒரு பாட்டு. 'தன்னன்னா' என்று அவன் முனகி அனுப்பிய மெட்டுக்கு வரி எழுதியவள் சாய்மா. பாடகி ஹம்சா அப்போதுதான் பாடி முடித்திருந்தாள்.

குளத்துப் படியில கால நனைச்சா
நம்ம வீட்டுப் புள்ளைன்னு தண்ணி சொல்லும்

"பிரமாதம்!" என்றான் ரகுபதி. "ஆனா எழுதினது ஹம்சான்னு போட்டுடறேன். மயிலாப்பூர்ப் பாட்டுல சாய்மான்னு பேர் இருந்தா ஒட்டாது."

"எழுதினது நான் சார்."

"யார் இல்லேன்னா? அடுத்தது பிரியாணி, அத்தர்னு ஒண்ணு பண்ணுவோம். அதுல உன் பேரைப் பெரிசாவே போடறேன். அதானே உங்காத்து சமாச்சாரம்?"

மயிலாப்பூர்க் கச்சேரி ரோட்டிலேயே பிறந்து வளர்ந்தவள் சாய்மா. யார் யாருடைய ஊருக்கோ பாட்டு எழுதிக் கொடுத்தவளுக்கு, இது என் வீடு என்று ஒரு வரியில் காலூன்ற இப்போதுதான் வாய்த்தது. அதிலும் மண்ணைப் போடுகிறானே, பாவி! மொஹரத்துக்கு அவளுடைய அத்தா பஞ்சா என்னும் கை வடிவச் சின்னத்தைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோயில் குளத்துப் படியில்தான் இறங்குவார், அதை நீரில் கழுவுவார். பக்கத்தில் பாவாடை நனைய நின்றவள் இவள். அன்றைக்கு யாரும் பேர் கேட்கவில்லை.

ஹம்சாவின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மா. அந்தப் படியில கால் வெச்சிருக்கியா?"

ஹம்சா தயங்கினாள். "வேலிக்கு வெளியில நின்னு பாத்ததுதான்."

"நானும்தான் எறங்கினதில்லை. அதுக்கென்ன இப்போ?" என்று சீறினான் ரகுபதி.

"நான் எறங்கிக்கீறேன். என் பேரு வாணான்னா என் வரியும் வாணாம். மீறிப் போட்டே, கோர்ட்ல பாத்துக்கலாம்."

"போயேன்! வார்த்தைக்கா இங்கே பஞ்சம்?"

"அப்ப நீயே எழுதிக்கோ!"

செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. இருந்த ஒரு வேலையும் போச்சு.

மேலே மறுபடி மெட்டு ஓடியது. ரகுபதி புது வரிக்காக ஏதோ கோபுரம், தேர், காபி என்று கத்துவது கேட்டது. ஹம்சா அவற்றைப் பாடவில்லை. மெட்டை மட்டும் பாடினாள், தன்னன்னா, தன்னன்னா என்று.

சாய்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிற்கட்டும். இத்தனை நாள் சாய்மா நின்றாள் அல்லவா, அடுத்தவர் ஊர் வாசலில்? இனி அவன் பாட்டும் வரி இல்லாமல் நிற்கட்டும்.